பொது அளவு

சித்தத் தள்ளி உக்காருங்க. ஆ, போதுமுங்க. கருமத்தம்பட்டி வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தேன், முட்டியெல்லாம் கழண்டு போச்சு. கோயமுத்தூருங்களா? நானும் அங்கதான். ஆஸ்பத்திரிக்கு. எனக்கு ஒண்ணுமில்லீங்க, நான் நல்லாத்தான் இருக்கறேன். அதை அப்புறம் சொல்றேன்.

மடியில வெச்சிருக்கறது லேப்டாப்புங்களா? கம்ப்யூட்டர் வேலையா உங்களுக்கு? அப்பிடின்னா எனக்கு ஒரு நியாயம் சொல்லுங்க. நான் கேக்கற ஆளெல்லாம் ஒண்ணு எம்பக்கம் பேசறான், இல்ல அவங்க பக்கம் பேசறான். உங்களுக்கு நானும் வேண்டியவனில்ல, அவங்களும் வேண்டியவங்க இல்ல. நடுவால நின்னு சொல்லுவீங்க.

ஒரு மெஷின் இருக்குது. அது "நான் நூத்திநாலு ஓடறேன்"ங்குது. ஓடுனத வாங்கிக்கற எடத்துல, "இல்ல, நீ தொண்ணூறுதான் ஓடுனே"ங்கறாங்க. நடுவால பதினாலு எங்க போச்சு? இவ்வளவுதாங்க கேள்வி. இதைக் கேட்டதுக்குத்தான் ஊரே என்னைய ஒதுக்கி வெச்சிருக்குது. ஊருன்னா ஊரில்ல. என்ற ஊட்டுக்காரி, என்ற புள்ளை, மாப்பிள்ளை, சம்மந்தி ஊடு. அதுக்கு மேல எனக்கு ஊருன்னு வேற என்ன இருக்குது?

மொதல்ல இருந்து சொல்றேன். நமக்குச் சோமனூர்ப் பக்கம். தொழில் விசைத்தறி. முப்பது வருசம் கூலிக்கு ஓட்டுனேன். ஏவாரி நூலக் குடுப்பாரு, நாம துணியாக்கிக் குடுக்கோணும், மீட்டருக்கு இவ்வளவுன்னு கூலி. அதுல பாருங்க, என்ற தறியில எறக்கையில நூறு மீட்டர் இருக்கும். அதையே கொண்டுபோயி ஏவாரி குடோன்ல மேசையில போட்டா தொண்ணூத்தேழுதான் வரும். மூணு எங்கீங்கன்னு கேட்டா, துணி சுருங்கும்பாங்க, மடிப்புல போகும்பாங்க. முப்பது வருசமும் இதே பாட்டுத்தான். அதுல நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. நம்ம எடத்துல ஒரு அளவு, அவங்க எடத்துல ஒரு அளவுன்னு வந்துச்சுன்னா நடுவால எவனோ திங்கறான். என்றகிட்டத் தறி ஓட்டுன ஆளுக கூட நான் மீட்டர் கொறைக்கறேன்னு பேசிக்குவாங்க. அது கணக்குத் தெரியாமப் பேசறது, அது வேற.

ரெண்டு வருசமா ஆர்டர் இல்ல, தறியெல்லாம் எடைக்குப் போட்டாச்சு. அதுக்கு நான் அழுகலீங்க. இரும்பு, போனாப் போகுது. ஆனா அந்த ஷெட்டு சத்தமில்லாம கெடந்தது பாருங்க, அது எனக்கு ஆகல. காத்தால எந்திரிச்சுப் போயி அங்க சும்மா உக்கார்ந்துக்குவேன். ஊட்டுக்காரி கருணாம்பாள் பயந்துபோயி புள்ளைகிட்டச் சொல்லியிருக்கறா. எங்களுக்கு ஒரே புள்ளைங்க, சிந்துஜா. கட்டிக் குடுத்து ரெண்டு வருசம் ஆகுது. மாப்பிள்ளை பேரு தரணீதரன், கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கறாரு. தங்கமான மாப்பிள்ளைன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன்.

சித்திரையில ஒரு ஞாயித்துக்கிழமை அவரு கார்ல ஒரு மெஷினக் கொண்டாந்து எறக்குனாரு. பெரிய சைசு ஷூ டப்பா அளவு இருக்கும், ரெண்டு பக்கமும் ஃபேனு. தூக்கிப் பார்த்தாத்தான் கனம் தெரியும். "மாமா, இது பிட்காயின் எடுக்கற மெஷின். லாபம்னு பெருசா இருக்காது, கரண்ட் பில்லுக்கே சரியாப் போயிரும். சும்மா ஓடிக்கிட்டு இருக்கட்டும், நீங்க பார்த்துக்கங்க"ன்னாரு. தறிக்குச் சலுகையாக் குடுக்கற கரண்ட்டுல இத ஓட்டப்படாதுன்னு தனியா சர்வீஸ் வாங்குனாரு, நெட்டு இழுத்தாரு. மெஷின் வாங்குனதும் அவருதான். அத விடுங்க, அது வேற விசயம்.

சுச்சைப் போட்டாரு பாருங்க, ஷெட்டே அதிருச்சு. நாலு தறி சத்தம் அந்த ஒரு டப்பாவுல. எனக்கு மனசு நெறைஞ்சு போச்சுங்க, பொய் சொல்லப்படாது. அன்னைக்கு ராத்திரி நான் நல்லாச் சாப்பிட்டேன்னு கருணாம்பாள் எல்லார்த்துகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா.

"இது என்னத்த மாப்பிள்ளை ஓட்டுது?"ன்னு கேட்டேன். பொறுமையாத்தான் சொன்னாரு. ஒரு பூட்டு இருக்குதாம். உலகத்துல இருக்கற இந்த மாதிரி மெஷினெல்லாம் அதுக்கு நம்பர் போட்டுப் போட்டுப் பாக்குதாம். மொதல்ல தெறக்கற மெஷினுக்குப் பிட்காயின் கெடைக்குமாம். ஒருக்காப் போட்டுப் பாக்கறதுக்குப் பேரு ஹாஷு. ஒரு செகண்டுக்கு எத்தனை ஹாஷுங்கறதுதான் மெஷினோட வேகம். இந்த மெஷினு நூத்திநாலு டெராஹாஷ். ஒரு டெரான்னா லட்சம் கோடியாமா. உங்களுக்குத் தெரியும், எனக்கு அப்பத்தான் தெரியும். நூத்திநாலு லட்சம் கோடி தடவை, ஒரே ஒரு செகண்டுக்கு! நம்ம தறி நிமிசத்துக்கு நூத்தி இருவது தடவை ஊடை போட்டா, குறுக்கு நூலுங்க, அதையே நாங்க பெருமையாப் பேசிக்குவோம்.

"அப்ப ஒரு ஹாஷுங்கறது ஒரு ஊடை மாதிரி"ன்னேன். மாப்பிள்ளை சிரிச்சாரு. "அப்படியே வெச்சுக்கலாம் மாமா. ஆனா துணி சேராது"ன்னாரு.

அதென்னங்க பேச்சு? ஊடை போட்டாத் துணி சேராதா? "ஒவ்வொண்ணும் தனி மாமா. நேத்துப் பூராப் போட்டுப் பார்த்ததால இன்னைக்குப் பக்கத்துல வந்துட்டோம்னு சொல்ல முடியாது. மொதத் தடவைக்கு எவ்வளவு வாய்ப்போ கோடியாவது தடவைக்கும் அவ்வளவுதான்." எனக்கு அங்கியே சுருக்குன்னுச்சு. வேலை செஞ்சா வேலை சேரோணும். சேராத வேலைய எவனாச்சும் செய்வானா? ஆனா மாப்பிள்ளை சொல்றாரேன்னு தலையாட்டிட்டேன். மாப்பிள்ளை சொன்னா மாமனாரு தலையாட்டறதுதானுங்களே.

தனியா ஒரு மெஷின வெச்சுக்கிட்டு ஓட்டுனா ஆயுசுக்கும் ஒண்ணும் கெடைக்காதாம். அதனால ஆயிரக்கணக்குல ஆளுக ஒண்ணாச் சேர்ந்து ஓட்டறாங்க, அதுக்குப் பேரு பூலு. ஆரு எவ்வளவு ஓட்டுனாங்களோ அதுக்குத் தக்கனப் பங்கு. அங்கதாங்க சனி புடிச்சுது. மெஷினு தான் எவ்வளவு ஓடறேன்னு ஒரு நம்பர் காட்டும். பூல்காரன் நீ இவ்வளவு ஓடுனேன்னு ஒரு நம்பர் காட்டுவான். மாப்பிள்ளை ரெண்டையும் பாக்கற மாதிரி என்ற போன்ல போட்டுக் குடுத்துட்டாரு, எனக்குப் பொழுது போகட்டும்னு. பொழுதும் போச்சு, மத்ததும் போச்சு.

மெஷின் நூத்திநாலுங்குது. பூல்ல தொண்ணூத்தெட்டு. நாம கண்ணத் தேச்சுக்கிட்டு மறுக்காப் பார்த்தா தொண்ணூத்தஞ்சு. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா மாறும், ஒரு நேரம் நின்ன எடத்துல நிக்காது. சமயத்துல நூத்தியேழு, நூத்திப்பத்துன்னும் காட்டும். அதை நான் கணக்குல எடுத்துக்கல. மெஷினால நூத்திநாலுக்கு மேல ஓடவே முடியாது, அப்ப அது தப்பா வந்த நம்பர்தானுங்களே? கொறையறதத்தான் பாக்கோணும்.

பாத்தேன். ஆனி மாசம் பூரா வேற சோலி பாக்கல. ஷெட்டுல ஒரு சேரப் போட்டு, மெஷினுக்கு முன்னால உக்கார்ந்துக்கிட்டு, இந்த நம்பரப் பாக்கறது, அந்த நம்பரப் பாக்கறது. கருணாம்பாள் சோத்தக் கொண்டாந்து கையில குடுத்துட்டுப் போவா. மொதல்ல நெட்டுக்காரன் மேல சந்தேகம். அவனக் கூப்பிட்டு வயரெல்லாம் மாத்தச் சொன்னேன். மூணு தடவை வந்தான், நாலாவது தடவை போன எடுக்கவே இல்ல. பணம் எவ்வளவு போச்சுன்னு கேட்டுராதீங்க. ஒரு நாளைக்கு நாலு டீக் காசு இருக்கும். பணமாங்க முக்கியம்? அளவுங்க, அளவு!

மாப்பிள்ளைகிட்ட நேராக் கேக்க முடியுங்களா? எங்க பக்கம் மாப்பிள்ளைகிட்ட "சாப்பிட்டீங்களா"ங்கறதையே பக்கத்துல இருக்கற ஆளப் பார்த்துத்தான் கேப்போம். அதனால புள்ளையக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளும் கம்ப்யூட்டர்தான் படிச்சவ.

"அப்பா, பூல்காரன் நம்ம ஷெட்டுல வந்து நின்னு எண்ண முடியாது. மெஷினு நடுநடுவால அவனுக்கு ஒரு சீட்டு அனுப்பும், நான் தேடிக்கிட்டுத்தான் இருக்கறேங்கறதுக்கு அடையாளமா. அந்தச் சீட்டு எத்தனை வந்துச்சுன்னு எண்ணி, அப்ப இவ்வளவு ஓடியிருக்கும்னு அவன் கணிக்கறான். சீட்டு சமயத்துல சடசடன்னு வரும், சமயத்துல வராது. அதுதான் நம்பர் ஏறி எறங்குது."

"அப்ப அவன் அளக்கறதே இல்லையா?"

"அளக்க முடியாதுப்பா. கணிக்கத்தான் முடியும். பத்து நிமிசத்தப் பாக்காதீங்க. கீழ ஒரு நாளைக்குச் சேர்த்துப் போட்டிருப்பான் பாருங்க, அது சரியா இருக்கும்."

எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்துச்சு. ஏவாரியாச்சும் மேசையில போட்டு அளந்து ஏமாத்துனாரு. இவன் அளக்காமயே சொல்றானே! சரி, புள்ளை சொன்னாளேன்னு கீழ பார்த்தேன். நூத்திமூணு. அடுத்த நாளும் நூத்திமூணு. ஒருநாள் நூத்திரெண்டரை. கிட்டத்தட்டச் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா ஒண்ணாச் சேர்த்துக் காட்டறதுதானுங்களே ஏமாத்தறவன் வழி? நாலு நாள் துணிய ஒரே சுருட்டாச் சுருட்டிக் குடுத்தா, ஓட்டை எதுலன்னு கண்டுபுடிப்பீங்களா?

என்ன தலைய ஆட்டறீங்க? புள்ளை சொன்னது சரிங்கறீங்களா? நீங்களும் அதே படிப்புத்தான, அதேதான் சொல்லுவீங்க. இருங்க, முழுசும் கேட்டுட்டுச் சொல்லுங்க.

எங்க ஊர்ல எலெக்ட்ரிக்கல் கடை வெச்சிருக்கறவன் சம்பத்து. அவங்கிட்ட இதைச் சொல்லிப் பொலம்பிக்கிட்டு இருந்தேன். அவன் போன்ல எதையோ தேடிப் படிச்சுட்டு, "அண்ணா, இந்த மெஷினுகள்ல ஒரு வேலை பண்ணலாமாம். செட்டிங் போடற ஆளு, அதுல ஒரு பங்கு தன் பேர்ல ஓடற மாதிரி உள்ள வெச்சுரலாமாம். வெளிய தெரியாதாம்"னான். செட்டிங் போட்டது ஆரு? சம்பத்து பேரு எதையும் சொல்லல. நானும் சொல்லல.

அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்லீங்க. மாப்பிள்ளை கேட்டிருந்தா ஷெட்டையே எழுதிக் குடுத்திருப்பேன். கேக்காம எடுக்கறதுன்னா என்ன அர்த்தம்? ஒரு பொண்ணக் குடுத்த எடத்துல இப்படிங்களா? நெஞ்சு கொதிச்சுப் போச்சு.

ஆனா நான் சண்டைக்குப் போகல, அதை நீங்க கவனிக்கோணும். எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. அளவுல தகராறு வந்துச்சுன்னா, ரெண்டு பக்கத்து ஆளுகளையும் கூப்பிட்டு, நடுவால ரெண்டு பெரிய மனுசங்கள உக்கார வெச்சு, எல்லாரும் பாக்க அளக்கறது. பொது அளவும்போம். அதுல அவமானம்னு ஒண்ணும் கெடையாது. எனக்கும் ஏவாரிக்குமே நடந்திருக்குது. அளந்து முடிச்சுட்டு ஒண்ணா உக்கார்ந்து டீ குடிப்போம். அதைத்தான் செஞ்சேன். முறைப்படித்தான் செஞ்சேன்.

ஆடி மாசம், மாப்பிள்ளைய விருந்துக்குக் கூப்பிடறது வழக்கம். புள்ளைக்கு அப்ப அஞ்சு மாசம். சம்மந்தியையும் வரச் சொன்னேன். ஒரு பக்கத்தாள மட்டும் வெச்சு அளக்கப்படாது பாருங்க, மாப்பிள்ளை பக்கத்துக்கு அவரு அப்பா இருக்கோணுமில்ல? எம்பக்கத்துக்குப் பங்காளி வேலுச்சாமி. பொதுவுக்குச் சம்பத்தும், பக்கத்துத் தறிக்காரங்க ரெண்டு பேரும். என்ன விசயம்னு சம்மந்திகிட்டச் சொல்லல. போன்ல சொல்ற விசயமா அது? அவங்க விருந்துன்னு நெனைச்சுக்கிட்டு ஆப்பிளும் மைசூர்பாவும் வாங்கிக்கிட்டு வந்தாங்க.

ஊட்டுல கறி வெந்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்குள்ள எல்லார்த்தையும் ஷெட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, வரிசையாச் சேர் போட்டு உக்கார வெச்சு, டீ குடுத்தேன். மாப்பிள்ளை மட்டும் மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு, எப்படி ஓடுதுன்னு அப்பாவுக்குக் காட்டலாம்னு. உள்ள இருக்கற மெஷின் சத்தத்துல ஒருத்தரு பேசறது இன்னொருத்தருக்குக் கேக்காதுங்க. அதனால நான் கத்தித்தான் சொன்னேன். கோவத்துல கத்தல, கேக்கோணுமேன்னு கத்துனேன்.

"இந்த மெஷின்ல அளவு கொறையுது. ஆரு எடுக்கறாங்கன்னு நான் சொல்லல. எடுத்தவங்களே சொல்லிட்டாத் தேவல. இல்லீன்னா எல்லாரும் பாக்க இப்ப அளந்துருவோம்."

இவ்வளவுதாங்க சொன்னேன். திருடன்னு ஒரு வார்த்தை நான் சொல்லல. எல்லாரும் மாப்பிள்ளையத் திரும்பிப் பார்த்தா அதுக்கு நான் என்ன பண்றது?

வேலுச்சாமி கையில வாட்ச்சு. பத்து நிமிசம்னு முடிவு பண்ணி உக்கார்ந்தோம். மெஷின் இரைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மாப்பிள்ளை ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு அப்படியே நின்னாரு. சேர் ஒண்ணு கொறைஞ்சு போச்சு, இல்லீன்னா உக்கார வெச்சிருப்பேன். பத்து நிமிசம் முடிஞ்சுது. மெஷின் நூத்திநாலு. பூல்ல பார்த்தா எண்பத்தொம்பது! "எண்பத்தொம்பது"ன்னு வேலுச்சாமி கத்துனான். அதுவரைக்கும் அவ்வளவு கொறைஞ்சதே இல்லீங்க. நான் மாப்பிள்ளையப் பார்த்தேன்.

"மாமா, இத இப்படி அளக்கறதில்ல"ன்னாரு. அது கூட எனக்குக் கேக்கல, உதட்டப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். சம்மந்தி டீ டம்ளரக் கீழ வெச்சாரு. பாதி கூடக் குடிக்கல. எந்திரிச்சு, மகனப் பார்த்து, "தம்பி, வண்டிய எடு"ன்னாரு. வாசப்படியில சிந்துஜா நின்னுக்கிட்டு இருந்தா. எப்ப வந்தா, எவ்வளவு நேரமா நின்னான்னு தெரியல. என்னைய ஒரு பார்வை பார்த்தா. மாப்பிள்ளை கையப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டா.

அத்தனை கறியும் மிச்சம். நாய்க்குப் போட்டோம்.

இப்பத்தான் முக்கியமானது வருது, கேளுங்க. அடுத்த நாள் காத்தால எந்திரிச்சுப் பூல்ல பாக்கறேன், நூத்திப்பதினேழு! மெஷின் ஓடறதே நூத்திநாலுதான், அதுல நூத்திப்பதினேழு எங்கிருந்து வரும்? எனக்குப் புரிஞ்சு போச்சு. எடுத்தவங்க பயந்துக்கிட்டு ராத்திரியோட ராத்திரியாத் திருப்பி வெச்சுட்டாங்க. இதுக்கு மேல என்னங்க சாட்சி வேணும்? ஓடிப்போயி கருணாம்பாள்கிட்டக் காட்டுனேன்.

அவ போனப் பாக்கவே இல்ல. "பொண்ணக் கட்டுனவர நிக்க வெச்சு அளந்தீங்களே, உங்களுக்கு நல்லாருக்குதா?"ன்னா. "நிக்க வெக்கலடி, சேரு பத்தல"ன்னேன். அடுப்பப் பார்த்துத் திரும்பிக்கிட்டா. முப்பது வருசம் கூட இருந்தவ, ஒரு நம்பரத் திரும்பிப் பாக்கறதுக்கு மனசு வரல பாருங்க.

என்னங்க? எறங்குனாப்பல ஏறவும் செய்யுமா? நாள் முழுக்கச் சேர்த்தா அதுவும் இதுவும் கழிஞ்சு நூத்திமூணுல வந்து நிக்குமா? அதையேதான் எம்புள்ளையும் சொன்னா. அன்னைக்கே போன்ல. "அப்பா, நேத்துச் சாயங்காலம் வரைக்கும் பொறுத்திருந்தா அதே நம்பர் நூத்திமூணுல வந்து நின்னிருக்கும். நீங்க பத்து நிமிசம் பார்த்துட்டு அவர அத்தனை பேரு முன்னாடி..." அழுதுட்டா. அதுதான் அவ எங்கிட்டக் கடைசியாப் பேசுனது.

தலைப் பிரசவங்க. வளைகாப்பு முடிஞ்சதும் அம்மா ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டு வர்றதுதான் முறை. நான் மேல் ரூமுக்கு வெள்ளையடிச்சு, தொட்டிலுக்கு உத்தரத்துல கொக்கி அடிச்சு வெச்சேன். வளைகாப்பு அங்கியே பண்ணிக்கிட்டாங்க. புள்ளையும் வரல. எட்டாவது மாசம் கருணாம்பாள் துணிய எடுத்துப் பையில வெச்சுக்கிட்டா. "அவ வராட்டி நான் போறேன்"னு பஸ் ஏறிட்டா. நான் மெஸ்ஸுல சாப்பிடறேன். மெஷின் ஓடுது. நூத்திநாலு.

இன்னைக்குக் காத்தால நேரத்துல வேலுச்சாமி வந்தான். "என்னப்பா, பேரன் பேத்தி எடுத்துட்டே, ஒரு வார்த்தை சொல்லல?"ங்கறான். நேத்தே பொறந்துருச்சாம். அவனுக்கு ஆரு சொன்னாங்கன்னா, சம்மந்தி ஊட்டு ஒறம்பரை, சொந்தக்காரரு ஒருத்தரு சொல்லியிருக்கறாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே நெனைச்சுப் பாருங்க. என்ற புள்ளைக்குக் கொழந்தை பொறந்தத வேலுச்சாமி வந்து சொல்றான்! "ஆமா ஆமா, தெரியும், இப்பத்தான் கெளம்பறேன்"னு சமாளிச்சேன். அப்படிச் சொல்லிப்போட்டு, என்ன கொழந்தைன்னு அவங்கிட்ட எப்படிக் கேக்கறது? சட்டைய மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

ஆஸ்பத்திரி பேரு தெரியும், எந்த மாடி எந்த ரூம்புன்னு தெரியாது. கருணாம்பாள் போனு நேத்துல இருந்து அணைஞ்சு கெடக்குது, சார்ஜுப் போட மறந்திருப்பா. புள்ளைக்குக் கூப்பிட்டா ஒரே ஒரு மணி அடிக்கும், ஒடனே பிஸிங்கும். நாலு மாசமா இப்படித்தான். ஷெட்டுச் சூட்டுலயே வெச்சிருந்ததால போன் கெட்டுப்போச்சுன்னு சம்பத்து சொல்றான். ஏனுங்க, தப்பா நெனைக்காம உங்க போன்ல ஒருக்காப் போட்டுத் தர்றீங்களா? ரூம்பு நம்பர் மட்டும் கேட்டுக்கறேன். நான் நம்பரச் சொல்றேன், எனக்கு மனப்பாடம்.

அடிக்குதுங்களா?

அடிக்குதே. உங்க போன்ல நல்லா அடிக்குதே.

அம்மிணி... அப்பா பேசறேன். வெச்சுராத கண்ணு. இது பக்கத்து சீட்டுக்காரரு போனு. பஸ்ல வந்துக்கிட்டு இருக்கறேன்... வேலுச்சாமி சொன்னான். ஆமா, அவந்தான் சொன்னான்... அழுகறது நம்ம கொழந்தையா? ... இல்ல, நான் எதுவும் பேசல. நீ சொல்லு... மாப்பிள்ளை இருக்கறாருங்களா அங்க? ... இல்ல இல்ல, கேட்டேன்... ஆரையெல்லாம்? ... அதெப்படி அம்மிணி, அவங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும்... சரி. வந்து நான் என்னன்னு சொல்லட்டும்? ... சரி. சரி கண்ணு. நீ படுத்துக்க.

இந்தாங்க உங்க போனு. கை வேர்த்து நனைஞ்சு போச்சு, தொடைச்சுக்கங்க.

வரச் சொல்லிட்டாங்க. வர வேண்டாம்னு சொல்லல. ஆனா தனியா வரப்படாதாம். அன்னைக்கு ஷெட்டுல ஆரு ஆரு சேர்ல உக்கார்ந்திருந்தாங்களோ அத்தனை பேர்த்தையும் கூட்டிக்கிட்டு வரோணுமாம். சம்மந்தி அங்கியே இருக்கறாராம், அவர ஒருத்தரக் கூப்பிடற வேலை எனக்கு மிச்சமாமா. என்னைய மாதிரியே பேசறா பாருங்க. அவங்க முன்னாடி என்ன சொல்லோணும்னு கேட்டதுக்கு, "அது உங்களுக்கே தெரியும்ப்பா"ன்னுட்டா.

தெரியுமுங்க. தெரியாம என்ன? நாலு மாசமாத் தெரியும். அத எப்படிங்க வாய் விட்டுச் சொல்றது? இந்த வயசுல, சம்பத்து முன்னாடி, வேலுச்சாமி முன்னாடி! ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேன், மெஷின் ஓடுனது நூத்திநாலுதான். அத மட்டும் ஆரு கேட்டாலும் மாத்திச் சொல்ல மாட்டேன்.

ஏனுங்க, என்ன கொழந்தைன்னு நான் கேட்டனா? நீங்க பக்கத்துலதான இருந்தீங்க. கேக்கலையா? அத்தனை நேரம் பேசி அதைக் கேக்கலையே நான்... வேண்டாமுங்க, திருப்பிப் போட வேண்டாம். எடுக்க மாட்டா. போயித்தான் பாக்கோணும்.

இது நீலாம்பூருங்களா? கண்டக்டர், நிறுத்துங்க, எறங்கோணும். இல்லீங்க, ஆஸ்பத்திரிக்கு இப்ப இல்ல. எதுத்தாப்புல நின்னாச் சோமனூர் வண்டி வரும். வேலுச்சாமி மத்தியானம் சோத்தத் தின்னுட்டுப் படுத்தான்னா பொழுது எறங்கற வரைக்கும் எந்திரிக்க மாட்டான், அதுக்குள்ள போயி அவனப் புடிக்கோணும்.